வண்ணப் பாம்புக் குட்டி வாங்கும் முன்: குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் மீனும் லவ் பேர்ட்ஸும் வளர்த்துப் பழகிய பிள்ளைகள் இப்போது பால் பைதான் (ball python, பந்துபோல் சுருண்டுகொள்ளும் வெளிநாட்டு மலைப்பாம்பு) பற்றி விசாரிக்கிறார்கள். கேட்கிற முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "அண்ணே, எந்தக் கலர் நல்லது?" அதற்கும் இங்கே பதில் இருக்கிறது, ஆனால் பின்னால் வரும். குட்டி தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டிய வரிசை இது: காகிதம், வீடு, உடம்பு, தீனி, மரபணு, அதற்குப் பிறகு நிறம். விற்பவர் அனுப்பும் படத்தில் தெரிவது நிறம் மட்டும். குட்டி பிழைக்குமா, இருபது வருடம் நம்மோடு இருக்குமா என்பதை அந்தப் படம் சொல்லாது.

காகிதம்

பால் பைதான் கானா, டோகோ, பெனின் முதலான மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பாம்பு. விஷம் கிடையாது. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-க்கு 2022-இல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. அந்தத் திருத்தத்தில் சைட்டஸ் பட்டியல் உயிரினங்களை நான்காம் அட்டவணையில் சேர்த்தார்கள். அவற்றை வைத்திருப்பவர்கள் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-இல் வெளியாயின. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புதிதாக வாங்குபவருக்கு, குட்டி கைக்கு வந்ததிலிருந்து 30 நாள் அவகாசம். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும்.

அதனால் படம் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "தாய் தகப்பனோட பதிவு இருக்கா? குட்டி பிறந்ததைப் பதிஞ்சாச்சா? எனக்குக் கைமாற்றக் கடிதம் தருவீங்களா?" ஒழுங்காகச் செய்கிறவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார், கேட்டதும் எடுத்துக் காட்டுவார். "அதெல்லாம் யாரும் பாக்கமாட்டாங்க தம்பி" என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் பால் பைதான்கள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. காற்றில்லாத பெட்டிக்குள் சாக்ஸிலும் டப்பாவிலும் திணித்துக் கொண்டுவந்த குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பாதி செத்த குட்டிதான். அதை வாங்கினால் அடுத்த பெட்டிக்கும் நாமே பணம் கட்டியதாகும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் மலைப்பாம்புக் குட்டி கிடைத்தது, மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வரலாம். மண்ணுளி, வெள்ளை நிறத்தில் பிறந்த நல்லபாம்பு என்றும் பேச்சு வரலாம். நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கக் கூடாது. இந்திய மலைப்பாம்பு முதல் அட்டவணையில் இருப்பது. பிடிபட்டால் 3 முதல் 7 வருடம் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். தோட்டத்தில் குட்டியைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது அதன் காட்டுக்குப் போகட்டும்.

வீட்டில் பேசுங்கள்

நாகராஜா கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பால் ஊற்றிக் கும்பிடும் வீடுகள் நம்முடையவை. விளவங்கோடு பக்கம் பழைய தறவாட்டு வீடுகளில் இன்னும் சர்ப்பக் காவு (பாம்புக்கென்று விட்ட சிறு தோப்பு) இருக்கிறது. பாட்டிக்கும் அம்மைக்கும் பாம்பு என்பது கும்பிடுகிற தெய்வம், கூடவே பயமும். அந்தப் பாம்பை டப்பாவில் அடைத்து வளர்ப்பதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். மறைத்து வளர்த்த பாம்பு ஒருநாள் டப்பாவிலிருந்து வெளியே வரும், அன்றைக்கு அடிபட்டுச் சாகும்.

இன்னொன்று ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பால் பைதான் 20 முதல் 30 வருடம் இருக்கும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பால் பைதான் 2020-இல் முட்டையிட்டது. பிளஸ் டூ முடித்து, நர்சிங்கோ டிப்ளமாவோ படித்து, கல்ஃபுக்கோ பெங்களூருக்கோ போகிற ஊர் நம்முடையது. நீங்கள் போன பிறகு யார் எலி போடுவார்கள்? அந்த ஆள் யாரென்று பெயர் சொல்ல முடியாவிட்டால் இப்போது வாங்காதீர்கள்.

மருத்துவரையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். நாய், மாடு பார்க்கிற எல்லா மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விளவங்கோட்டுக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். போகும் முன் ஃபோன் செய்து ஊர்வன பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்ப்பது எப்படி

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். குட்டியை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது. பகல் நேரமாக, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து பாருங்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் பல குறைகள் மறைந்துவிடும்.

முட்டையிலிருந்து வரும் குட்டி பொதுவாக 50 முதல் 80 கிராம் இருக்கும், நீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் கூடக் குறைய. ஏழு முதல் பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும், அதற்குப் பிறகுதான் முதல் இரை. புதியவர்கள் அந்த வயதில் வாங்க வேண்டாம். நான்கைந்து முறை தானாகச் சாப்பிட்டு, 100 கிராமாவது வந்த குட்டியாகக் கேளுங்கள். கூடக் கொஞ்சம் விலை சொன்னாலும் அது நியாயமான விலைதான். முதல் மாதத்துக் கவலையை அவர் உங்களுக்காகப் பட்டுத் தீர்த்திருக்கிறார்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குட்டியைக் கையில் எடுங்கள். நல்ல குட்டி விரலைச் சுற்றிப் பிடிக்கும். அந்தப் பிடியில் ஒரு அழுத்தம் தெரியும். தலையை உடம்புக்குள் ஒளித்துச் சுருண்டுகொண்டால் பயப்பட வேண்டாம், அது அதன் சுபாவம். சீறினாலும் சரி. தொங்கவிட்ட மாதிரி தளர்ந்து கிடந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இப்போது கழுத்துக்குப் பின்னாலிருந்து வால் வரைக்கும் கட்டைவிரல் நுனியை முதுகெலும்பின் மேல் மெல்ல ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நடுவில் எங்காவது மேடோ பள்ளமோ, திடீர் வளைவோ தட்டுப்பட்டால் எலும்பு கோணியிருக்கிறது என்று அர்த்தம். அடைகாக்கும் சூடு தவறினாலும் இது வரும், சில நிற வகைகளில் மரபாகவும் வரும். முதுகெலும்பு கத்தி விளிம்பாகத் துருத்திக்கொண்டு இருபக்கமும் சதை ஒட்டிப்போயிருந்தால், அந்தக் குட்டி சரியாகத் தின்னவில்லை.

பிறகு தலை. இரண்டு கண்ணும் ஒரே அளவில், தெளிவாக இருக்க வேண்டும். கண் நீலம் பூத்து மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, நோய் இல்லை. ஆனால் அந்த நிலையில் நிறத்தையும் கண்ணையும் மதிப்பிட முடியாது, ஒரு வாரம் கழித்து வாருங்கள். கண்ணின் மேல் சுருக்கமோ பள்ளமோ இருந்தால் பழைய தோல் ஒட்டியிருக்கலாம், நீர்ச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். மூக்குத் துவாரத்தில் குமிழ் கூடாது. காதருகே பிடித்து ஒரு நிமிடம் கேளுங்கள். மூச்சு விடும்போது 'டிக் டிக்' என்றோ கரகரவென்றோ சத்தம் தொடர்ந்து வந்தால் சளித் தொற்று. வாயைச் சரியாக மூடாமல், தலையை மேலே தூக்கியபடியே இருப்பதும் அதே சந்தேகத்துக்கு இடம் தரும். வாயைத் திறந்து காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள், நீங்களாகத் திறக்க முயலாதீர்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். ஈறில் மஞ்சள் கட்டி, ரத்தப் பொட்டு இருந்தால் வாய்ப்புண்.

அடிவயிற்றுச் செதில்களைப் பாருங்கள். பழுப்பு, சிவப்புத் திட்டுகளோ கொப்புளமோ இருந்தால் ஈரத்தில் கிடந்து செதில் அழுகத் தொடங்கியிருக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் மேற்குப் பகுதியில் இது சுலபமாக வரும். சட்டை உரிக்கும் முன் வயிறு முழுவதும் இளஞ்சிவப்பாக மாறுவது வேறு, அது இயல்பு. தொப்புள் வடு மூடி ஆறியிருக்க வேண்டும். எச்சத்துவாரத்தைச் சுற்றிக் காய்ந்த அழுக்கு ஒட்டியிருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு சின்னச் சோதனை. வெள்ளை டிஷ்யூ தாளை நனைத்துப் பிழிந்து, அதன் வழியே குட்டியை மெல்ல ஊரவிடுங்கள். பிறகு தாளை விரித்துப் பாருங்கள். மிளகுப்பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் இருந்து அவை நகர்ந்தால் செள்ளு. தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும்தான் அவை அதிகம் ஒளியும். ஒரு குட்டியில் செள்ளு இருந்தால் அந்த அறை முழுக்க இருக்கும், எனவே "இதை விடுங்க, அடுத்த டப்பாவில் பாருங்க" என்றால் அதையும் வாங்காதீர்கள். தண்ணீர்க் கிண்ணத்திலேயே படுத்துக் கிடக்கும் குட்டி இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

போகிற போக்கில் மற்ற டப்பாக்களையும் ஒரு பார்வை பாருங்கள். தண்ணீர் சுத்தமா, எச்சம் அள்ளியிருக்கிறதா, ஒரு டப்பாவில் ஒரு குட்டிதானா. அதன் கடைசிச் சட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கண்ணின் மேல் இருக்கும் தோலோடும் வால் நுனியோடும் ஒரே துண்டாக உரிந்த சட்டை, ஈரப்பதம் சரியாக இருந்ததற்கு நல்ல சாட்சி.

தீனிக் கணக்கு

நல்ல வளர்ப்பாளர் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு அட்டை வைத்திருப்பார்: தேதி, என்ன இரை, தின்றதா இல்லையா, எடை. அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள குட்டி எலியா, உறையவைத்துச் சூடுபடுத்திய எலியா என்பது முக்கியம். அங்கே தின்று பழகியதை முதல் மாதம் மாற்றாதீர்கள். முடிந்தால் உங்கள் கண்முன் ஒரு இரை போடச் சொல்லுங்கள். இடைவெளி 5 முதல் 7 நாள், இரையின் எடை பாம்பின் எடையில் 10 முதல் 15 சதவீதம். பால் பைதான் பட்டினி கிடப்பதில் பேர்போனது. புது இடம், குளிர், வெளிச்சம் எதைச் சாக்கிட்டும் தின்னாமல் இருக்கும். அதனால்தான் தீனிக் கணக்கு இல்லாத குட்டியைப் புதியவர் வாங்கக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். வெள்ளை எலி வாராவாரம் எங்கே கிடைக்கும் என்பதையும் பாம்பு வருவதற்கு முன்பே உறுதி செய்யுங்கள். வளர்ந்த எலியை உயிரோடு உள்ளே விட்டுவிட்டுப் போகக் கூடாது, அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

மரபணு: பெயர்களுக்குள் என்ன இருக்கிறது

நிற வகையை 'மார்ஃப்' என்கிறார்கள். சில மரபணுக்கள் ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும்: பேஸ்டல், என்ச்சி, பின்ஸ்ட்ரைப், பனானா, மொஹாவே. இவற்றில் பலவற்றுக்கு இரண்டு பிரதி சேர்ந்தால் 'சூப்பர்' வடிவம் வரும். ஆல்பினோ, பைபால்ட், கிளவுன், அக்ஸாந்திக் ஆகியவை ஒடுங்கு மரபணுக்கள், இரண்டு பிரதி இருந்தால்தான் தெரியும். ஒரு பிரதி மட்டும் சுமக்கும் குட்டி சாதாரணமாகவே இருக்கும், அதைத்தான் 'ஹெட்' என்று விற்கிறார்கள்.

ஏமாறுவது இங்கேதான். இரண்டு ஹெட் ஜோடி சேர்ந்தால் நான்கில் ஒன்று ஆல்பினோ, இரண்டு ஹெட், ஒன்று வெறும் சாதாரணம் என்பது சராசரி. ஆல்பினோவைத் தனியே எடுத்துவிட்டால் மீதி மூன்றில் இரண்டு ஹெட். ஆனால் எது எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. அதனால் மூன்றுக்கும் '66% ஹெட்' என்று பெயர். ஒரு ஹெட்டும் ஒரு சாதாரணமும் சேர்ந்தால் '50% ஹெட்'. தாயோ தகப்பனோ ஆல்பினோவாக இருந்தால் மட்டுமே '100% ஹெட்' என்று உறுதியாகச் சொல்லலாம். பெற்றோரைக் காட்டாமல் ஹெட் என்று விலை ஏற்றினால் அந்த விலையைக் கொடுக்காதீர்கள். வளர்க்க மட்டும் ஆசைப்படுகிறவருக்கு ஹெட் எதற்கும் பயன்படாது.

அடுத்தது என் மனதுக்கு நெருக்கமான விஷயம். 'ஸ்பைடர்' என்ற வகை பார்க்க மிக அழகு, மெல்லிய கறுப்புக் கோடுகள் பின்னல் போட்டிருக்கும். ஆனால் அந்த மரபணுவோடு தலை ஆட்டமும் சேர்ந்தே வரும். சில குட்டிகளில் லேசாக, சிலவற்றில் தலை திருகித் தலைகீழாகப் போகும் அளவுக்கு. உள்காதின் அமைப்பே கோணலாக உருவாவதுதான் காரணம் என்று 2022-இல் வெளியான ஸ்கேன் ஆய்வு காட்டியது. வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்வது பொய். பம்பிள்பீ, கில்லர் பீ, ஸ்பின்னர், ஹனிபீ என்ற பெயர்களுக்குள்ளும் ஸ்பைடர் ஒளிந்திருக்கிறது. ஷாம்பெயின், வோமா வகைகளிலும் இதே ஆட்டம் உண்டு. இவற்றை வாங்காதீர்கள். நாம் கேட்காவிட்டால் யாரும் இவற்றைப் பிறக்க வைக்க மாட்டார்கள். எந்த வகையானாலும் குட்டியை ஐந்து நிமிடம் மேசைமேல் விட்டு நகர்வதைப் பாருங்கள். தலை நேராகப் போகிறதா, நடுங்குகிறதா? மெல்லப் புரட்டி விட்டால் உடனே நிமிர்ந்துகொள்கிறதா?

சூப்பர் சின்னமன், கேரமல் ஆல்பினோ இரண்டிலும் முதுகெலும்புக் கோணல் அதிகம். லெஸ்ஸர், பட்டர் என்ற வகைகளின் வழியில் வரும் நீலக்கண் வெள்ளைப் பாம்புகளில் சிலவற்றுக்குக் கண் பெரிதாகப் பிதுங்கியிருக்கும். முதல் பாம்புக்கு பேஸ்டல், என்ச்சி, பின்ஸ்ட்ரைப், பனானா போதும். காசு இருந்தால் ஆல்பினோ, பைபால்ட்.

இப்போது நிறம்

குட்டியில் தெரியும் நிறம் அப்படியே நிற்காது. பேஸ்டலின் மஞ்சள் பளிச்சென்று இருக்கும், மூன்று நான்கு வருடத்தில் பல பாம்புகளில் பழுப்பேறிவிடும். பனானாவுக்கு வளர வளரக் கரும்புள்ளி விழும், எவ்வளவு விழும் என்று யாராலும் உறுதி தர முடியாது. அக்ஸாந்திக் கறுப்பு வெள்ளையாகப் பிறந்து, சில வம்சங்களில் பழுப்பாகும். ஆல்பினோவுக்கு வெளிறிய மஞ்சள் நாளாக ஆகக் கூடும். பைபால்ட் குட்டியில் வெள்ளை எங்கே இருக்கிறதோ அங்கேயே கடைசிவரை இருக்கும், ஆகவே அதில் மட்டும் குட்டியைப் பார்த்தே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மற்றவற்றுக்குப் பெற்றோரின் இப்போதைய படத்தைக் கேளுங்கள். உங்கள் குட்டி நான்கு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் கிட்டத்தட்ட சரியான பதில்.

நல்ல பேஸ்டல் குட்டியில் மஞ்சள் சுத்தமாக இருக்கும், பழுப்பு கலங்கியிராது. கறுப்புப் பட்டைகளின் ஓரம் கூர்மையாக இருக்கும். தலை உச்சி வெளிறியிருக்கும், கண்ணில் பச்சைச் சாயல் தெரியும். ஆல்பினோவில் வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவே எல்லை தெளிவாக இருக்க வேண்டும்.

சட்டை உரித்த மறுநாள் எந்தப் பாம்பும் ஜொலிக்கும், விற்பனைப் படங்கள் பெரும்பாலும் அன்றைக்கு எடுத்தவைதான். வீடியோ கேட்கும்போது, காலை வெயிலில் ஜன்னலோரம், ஃப்ளாஷ் இல்லாமல், ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் குட்டியை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் படத்தில் நிறம் ஏற்றியிருக்கலாம்.

கொண்டுவந்த பிறகு

பார்சல் சர்வீஸில் அனுப்பச் சொல்லாதீர்கள், நேரில் போய் வாங்குங்கள். கடைசி இரை போட்டு இரண்டு மூன்று நாள் ஆகியிருக்க வேண்டும். துணிப்பையில் விட்டு, காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைத்து, காரில் ஏசி நேராகப் படாமல் கொண்டுவாருங்கள்.

குட்டி வருவதற்கு முன்பே டப்பாவில் சூடும் ஈரப்பதமும் சரியாக நிலைத்திருக்க வேண்டும். சூடான பக்கம் 31–32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25–27, ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம். நம் ஊரில் குளிர்ந்த பக்கத்துக்குத் தனியாகச் சூடு தேவைப்படாது. சூடான பக்கத்துக்கு மட்டும் தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) வைத்த ஹீட் மேட் வேண்டும், தெர்மோஸ்டாட் இல்லாத மேட் வயிற்றைச் சுட்டுவிடும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் காற்றுத் துளை கூடுதலாகப் போடுங்கள். ஆரல்வாய்மொழிக் காற்று அடிக்கும் பக்கம் டப்பா சீக்கிரம் உலரும், தினம் ஈரப்பதமானியைப் பாருங்கள். தென்னை நார்ச் சோறு மலிவாகக் கிடைக்கும், ஆனால் உப்பு போகும்வரை அலசிக் காயவைத்துத்தான் போட வேண்டும். முதல் மாதம் அதுவும் வேண்டாம், வெள்ளை டிஷ்யூ தாள் போதும். எச்சமும் செள்ளும் அதில்தான் தெரியும். ஒளிந்துகொள்ள இறுக்கமான இரண்டு மறைவிடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம்.

முதல் வாரம் தொடாதீர்கள், நண்பர்களைக் கூட்டிவந்து காட்டாதீர்கள். ஏழாம் நாள் சாயங்காலம் இரை போடுங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றிடமிருந்து சால்மொனெல்லா பரவும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம். பரிவேஷ் பதிவை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை போட்டு, வளர்ப்பாளர் தந்த அதே அட்டையில் தொடர்ந்து எழுதுங்கள். மூன்று இரையைத் தொடர்ந்து ஒதுக்கினால் விற்றவரைக் கூப்பிட்டு டப்பாவின் சூடு, மறைவிடம், இரையின் அளவு மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். வந்த நாள் எடையிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.